ரொம்ப வருஷம் கழித்து மறுபடி பைக்கா? பழைய க்ரூஸர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

22 வருஷம் ஸ்கூட்டரும் காருமாக ஓடிவிட்டு, 57 வயதில் மறுபடி ஒரு பைக், அதுவும் சீட் தாழ்வாக, காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற பழைய க்ரூஸர் வாங்கலாம் என்று இறங்கினேன். நாலு மாதம் செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, கன்னங்குறிச்சி என்று சேலம் முழுக்கச் சுற்றி ஒவ்வொரு வண்டியாக ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சிசி, சத்தம், பெயின்ட் எல்லாம் அப்புறம், முதலில் உங்கள் முட்டியும் இடுப்பும் அந்த வண்டிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

வண்டி தேடுவதற்கு முன்னால் லைசென்ஸை எடுத்து தேதியைப் பார்த்துவிடுங்கள். 40 வயது தாண்டியவர்கள் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துடன் படிவம் 1ஏ வேண்டும், காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள்.

சரி, இப்போது எடை. கன்னங்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் ஒன்றைப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. வாசல் தெருவைவிடக் கொஞ்சம் தாழ்வு, வண்டி வீட்டைப் பார்த்து நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்து காலால் பின்னுக்குத் தள்ளினேன். இரண்டடி வந்திருக்கும், வலது கால் ஜல்லியில் வழுக்கியது, வண்டி அந்தப் பக்கம் சாய ஆரம்பித்ததும் இடது முட்டியில் சுரீர் என்று ஒரு வலி. பக்கத்தில் நின்ற பையன் ஓடிவந்து பிடிக்காவிட்டால் வண்டியோடு விழுந்திருப்பேன். ஓடும்போது எந்த வண்டியும் லேசாகத்தான் தெரியும், நம்மைக் கீழே தள்ளுவது பார்க்கிங்கில்தான். அதனால் இன்ஜினை அணைத்துவிட்டு, முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்து நிற்கிற இடத்தில் உட்கார்ந்து பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி.

சீட் உயரம் இங்கே நிறைய உதவும். பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸுக்கு 737 மி.மீ., ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350க்கு 765, ஹோண்டா ஹைனஸ் சிபி350க்கு 800. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், நுனிக்காலில் நிற்கிற வண்டி நமக்கு ஆகாது. மீட்டியார் 191 கிலோ, அவெஞ்சர் அதைவிட நன்றாகவே லேசு.

ஆனால் அவெஞ்சரில் கால் ரொம்ப முன்னால் போகும். படத்தில் பார்க்க சொகுசாகத் தெரியும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது ஃபுட்ரெஸ்டை மிதித்து உடம்பைத் தூக்க முடியாது, அதிர்ச்சி நேராக முதுகெலும்பின் அடியில் வந்து இறங்கும். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். மீட்டியாரில் கால் அவ்வளவு முன்னால் போகாது, கியரையும் குதிகாலால் போடலாம், அதனால் கணுக்காலுக்கு நிம்மதி. பின் சஸ்பென்ஷன் விறைப்பாகத் தெரிந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், முன்னால் வைத்திருந்தவர் ஸ்ப்ரிங்கை இறுக்கி வைத்திருக்கலாம், ஒரு படி குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

தெருவில் ஒரு ரவுண்டு அடித்து முடிவு செய்யாதீர்கள், இருபது நிமிஷமாவது ஓட்ட வேண்டும். ஐந்து ரோடு நெரிசலில் கிளட்சைப் பிடித்தபடி நின்றால் விரல் சொல்லிவிடும். அப்புறம் கோரிமேடு வழியாக அடிவாரம் போய், உரிமையாளர் சம்மதித்தால் ஏற்காடு மலையில் முதல் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு மட்டும் ஏறித் திரும்புங்கள். மொத்தம் 20 வளைவு இருக்கிறது, இரண்டிலேயே தெரிந்துவிடும். ஹேண்டிலை முழுசாக ஒடிக்கும்போது வெளிப்பக்கத்துக் கை எட்டுகிறதா, தோள் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், அவெஞ்சருக்கு 1490 மி.மீ., மீட்டியாருக்கு 1400. நீளமான வண்டி வளைவில் அகலமாக இடம் கேட்கும். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு, இன்ஜின் எவ்வளவு பிடிக்கிறது என்றும் பாருங்கள்.

பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓட்டுகிறவர்கள் குறுக்கே ஆடு வந்தால் பதறி முன் பிரேக்கை இறுக்கிவிடுவோம், கை நம் பேச்சைக் கேட்காது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம், அதனால் அதற்குப் பிந்தைய வண்டியாகவே தேடுங்கள்.

பார்க்கப் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியோ என்று எனக்குச் சந்தேகம் வரும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. முன் ஃபோர்க்கில் விரலை ஓட்டுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி சிக்கக் கூடாது; சிக்கினால் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், அதாவது கோன் செட், தேய்ந்திருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23வது வாரம் செய்தது. டயர் மேலுள்ள பட்டன் தேயாமல் புதுசு மாதிரி தெரிந்தாலும், ஆறேழு வருஷ ரப்பரை நம்பி மலை இறங்காதீர்கள். ஸ்போக் சக்கரம் என்றால் பெரும்பாலும் ட்யூப் டயர், நடு மலையில் பஞ்சர் ஆனால் சிரமம்.

ஆர்சி புத்தகத்தில் ஹெச்பி, அதாவது வண்டிமேல் கடன் இருப்பதாகப் பதிவு இருந்தால், வங்கியின் ஆட்சேபணை இல்லை என்கிற என்ஓசியும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். இன்சூரன்ஸ் தேதியையும் அபராத பாக்கியையும் முந்தின நாளே ஆன்லைனில் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்த வண்டியில் என் மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்து, "பிடிக்க இடமே இல்லைங்க, சாயவும் முடியல" என்றாள். அதை விட்டுவிட்டு, பின் சீட்டில் முதுகுச் சாய்வு உள்ள மீட்டியாரைப் பார்த்தோம். இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.