ஜீவனாம்சம் வரவில்லையா? அவமதிப்பு வழக்குக்கு முன் கவனிக்க வேண்டியவை

குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் அந்தப் பெண் பையிலிருந்து எடுத்துக் காட்டியது மூன்று வருடத்து மாதக் காலண்டர்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பணம் வந்த மாதமென்றால் வட்டத்துக்குள் ஒரு டிக். டிக் விழாத வட்டங்கள் முப்பத்தொன்று. மாதம் 8,000 ரூபாய் வீதம் 2,48,000 ரூபாய் நிலுவை. “அவர் நீதிமன்றத்தையே மதிக்கவில்லை, மேடம். அவமதிப்பு வழக்குப் போடலாமா?” என்று கேட்டார்.

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் இழந்துகொண்டிருந்தது வேறொன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவின்படி வாங்கிய உத்தரவு அது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு இருக்கிறது. பழையதிலும் புதியதிலும் ஒரு நிபந்தனை மாறவில்லை: ஒரு மாதத் தொகை எந்தத் தேதியில் கொடுக்கப்பட வேண்டியதோ, அன்றிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். முப்பத்தொரு மாத நிலுவையில் கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்கு, அதாவது 96,000 ரூபாய்க்கு மட்டுமே அந்த வழி திறந்திருந்தது. மீதி 1,52,000 ரூபாய், அவர் பொறுமையாகக் காத்திருந்த காலத்திலேயே கைநழுவிவிட்டது.

இந்தத் துறையில் நான் பார்த்த தவறுகளில் மிகவும் விலை உயர்ந்தது இதுதான். “பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்”, “தீபாவளிக்குள் மொத்தமாகத் தருகிறேன் என்றார்” என்று மாதங்கள் ஓடிவிடும். இரண்டு மூன்று மாதம் நின்றவுடனேயே வசூல் மனுவைப் போட்டுவிட வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்போது சேரும் மாதங்களையும் அவ்வப்போது கணக்குத் தாக்கல் செய்து சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் இதை ஏற்றுக்கொண்டது. முதல் மனு காலத்துக்குள் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம். இந்து திருமணச் சட்டத்தின்படி பெற்ற தீர்ப்பாணையை சிவில் வழியில் நிறைவேற்றுவதற்குக் கால வரம்பு இதைவிட நீளம். ஆகவே உங்கள் உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை முதலில் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவமதிப்புக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் ‘வேண்டுமென்றே’ உத்தரவை மீறியவரைத்தான் தண்டிக்கிறது. ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம். கீழமை நீதிமன்றத்தின் உத்தரவை மீறினாலும் இந்தச் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. அங்கே போகும்போது முதலில் எழும் கேள்வி, “வசூல் மனு போட்டீர்களா?” என்பது. நிறைவேற்றுவதற்கு வழியுள்ள உத்தரவுக்கு அவமதிப்பு அதிகாரத்தைக் கையிலெடுக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும். மனு தள்ளுபடியாகித் திரும்பி வருவதற்குள் வசூலுக்கான ஓராண்டும் ஓடிப்போயிருக்கும். அவமதிப்புக்கும் ஓராண்டுதான் கெடு என்பதையும் மறக்கக் கூடாது.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வேண்டுமென்றே பணம் கட்டாதவர் மீது அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்லியிருப்பது உண்மை. ஆனால் ஜீவனாம்ச உத்தரவைப் பணத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம், ஜப்தி செய்யலாம் என்று சொல்வதும் அதே தீர்ப்புதான். என் அனுபவத்தில் வீட்டுக்குப் பணம் கொண்டுவருவது இந்த இரண்டாவது வழி. அவமதிப்பு வழக்கு உண்மையிலேயே வலுப்பெறும் இடம் ஒன்று உண்டு. பரஸ்பர சம்மத விவாகரத்தில், “மூன்று தவணையில் தந்துவிடுகிறேன்” என்று நீதிமன்றத்துக்கே உறுதிமொழி கொடுத்து, காரியம் முடிந்ததும் கைவிரிப்பவர் விஷயத்தில் தயங்க வேண்டியதில்லை. உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் அவமதிப்பு என்று சட்டமே சொல்கிறது.

வசூல் மனுவிலும் பலர் சறுக்குகிறார்கள். “அவரைப் பிடித்து உள்ளே போடுங்கள்” என்பதோடு மனு முடிந்துவிடும். சட்டத்தின் வரிசை வேறு. முதலில் சொத்திலிருந்து வசூலிக்க வாரண்ட். அதன் பிறகும் பாக்கி நின்றால், செலுத்தப்படாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. எதை ஜப்தி செய்வது என்று நீங்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அவர் வேலை செய்யும் இடத்தின் முகவரி, வங்கிக் கிளை, வண்டி எண், வாடகை வரும் வீடு, நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றை மனுவோடு கொடுங்கள். சம்பளத்தில் ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்குத் தனிச் சலுகை உண்டு. மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி பாதுகாக்கப்படும். ஜீவனாம்சத்துக்கோ மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாக்கப்படுகிறது, மீதியை ஜப்தி செய்யலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பெற்ற உத்தரவாக இருந்தால், முதலாளியே சம்பளத்தில் பிடித்து நேராக உங்களுக்கு அனுப்பும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் அநேகம் பேர்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உண்மையிலேயே கொடுக்க முடியாதவரும் சிறைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் மௌனம்தான். வேலை போனதும் பணம் அனுப்புவதை நிறுத்துகிறார், சம்மன் வந்தால் வாங்குவதில்லை, வாய்தாவுக்கும் வருவதில்லை. முடியாமை ஒரு நல்ல காரணம். ஆனால் அதை நீதிமன்றத்தில் நின்று சொன்னால்தான் காரணம். நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கக் கேட்டு மனுப் போட அந்தப் புதிய சன்ஹிதாவின் 146-வது பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் இது 127. அந்த மனு நிலுவையில் இருக்கும்போதும் முடிந்ததை அனுப்பிக்கொண்டே இருங்கள். மாதம் 3,000 ரூபாய் தவறாமல் அனுப்பியவரையும் ஒன்றுமே அனுப்பாதவரையும் நீதிபதி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. “வேலை இல்லை” என்ற ஒற்றை வரி மட்டும் எடுபடாது. உடல் நலத்துடன் இருப்பவர் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கூறியிருக்கிறது.

மேல்முறையீடோ சீராய்வு மனுவோ போட்டுவிட்டதாலேயே பணம் கட்ட வேண்டாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. தடை உத்தரவு வாங்காதவரை மாதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். சிறையில் ஒரு மாதம் இருந்துவிட்டால் பாக்கி கழிந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அப்படி இல்லை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி மட்டுமே. வெளியே வந்தாலும் கடன் அப்படியே நிற்கும்.

கையில் கொடுத்த பணம் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறது. ஒருவர் பள்ளிக் கட்டண ரசீது, சைக்கிள் வாங்கிய பில், தீபாவளித் துணி பில் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாம் அன்போடு செய்தவை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றில்கூட ‘இன்ன மாத ஜீவனாம்சம்’ என்று இல்லை. மனைவி பெயருக்கு வங்கி மூலம் அனுப்பி, குறிப்பில் மாதத்தை எழுதியிருந்தால் அந்தப் பைக்கே வேலை இருந்திருக்காது. அதேபோல் வேறொரு வழக்கில் ஏற்கெனவே தொகை கட்டிவந்தால், அதைச் சொல்லிக் கழித்துக்கொள்ளக் கேளுங்கள். வேறு வழக்கில் உத்தரவு இருந்தால் மனைவியும் அதை மறைக்கக் கூடாது. இருதரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும் என்று அந்த 2020 தீர்ப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் பொய் சொன்னால் தனியாகக் குற்ற நடவடிக்கை வரலாம்.

குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும் வேண்டாம். இரண்டும் தனித்தனி உத்தரவுகள். ஒன்றை மீறியதற்கு மற்றது பதிலாகாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக எந்தப் பெண்ணும் மாதங்களைக் கடத்த வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது உத்தரவின் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வட்டமிட்ட காலண்டர் இருந்தால் அதையும்.