ப்ளூஸ் கிட்டார் டோன்: ஆம்பை ஒரே இடத்தில் நிறுத்தி, மீதியைக் கிட்டாரில் பிடிப்பது எப்படி?

"அண்ணா, ப்ளூஸ் வாசிக்கறதுக்கு எந்த ஆம்ப்புங்க வாங்கறது?" அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் ஆசைப்பட்டு, கிட்டார் எடுத்து ஒரு வருடம் ஆன தம்பி, தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "கிட்டார்ல இருக்கற வால்யூம் நாப்பைக் கடைசியா எப்பக் கண்ணு திருப்புன?" பெரும்பாலும் பதில் வராது. வாங்கிய அன்று பத்தில் வைத்தது, இன்னும் பத்திலேயே இருக்கும்.

நான் இத்தனை வருடம் வாசித்துக் கண்டது இது: ஆம்பை, அதாவது கிட்டார் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டியை, சுத்தமான ஒலிக்கும் கரகரவென்று உடைந்த ஒலிக்கும் நடுவில் இருக்கிற வரப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அதைத் தொடவே கூடாது. தாளத்துக்கு ஒரு குரல், பாட்டுக்கு நடுவே பதில் சொல்ல ஒரு குரல், சோலோவுக்கு ஒரு குரல் என்று எல்லாமே கிட்டாரின் நாப்பிலும் (திருகுகிற குமிழ்) பிக்கப் சுவிட்சிலும் வலது கையிலும் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் கிட்டாரில் எந்த பிக்கப்?

கோயம்புத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு பிக்கப்பை விளக்குவது சுலபம். ரீவைண்டிங் கடையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். தலைமுடி போல மெல்லிய செப்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காயிலில் சின்ன மின்சாரம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப் பெரிதாக்குகிறது.

ஒற்றை வரிசைக் காந்தம் தெரிந்தால் அது சிங்கிள் காயில். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் அதைப் பார்த்துச் செய்த மலிவு விலைக் கிட்டார்களிலும் இது மூன்று இருக்கும். ஒலி தெளிவாக, மணி தட்டினாற்போல வரும். அகலமான, இரண்டு காயில் சேர்ந்த பிக்கப் என்றால் ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் வடிவமைத்தது; 1957-இலிருந்து கிட்டார்களில் வந்தது. ஒலி தடிப்பாக இருக்கும், ஆம்பின் ஒலியைச் சீக்கிரம் உடைக்கும். இரண்டுக்கும் நடுவில் பி-90 என்று ஒன்று உண்டு. பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் அதுவும் சிங்கிள் காயில்தான். கரகரப்பும் கனமும் சேர்ந்த அருமையான குரல்.

எது இருந்தாலும் ப்ளூஸ் வரும். ப்ளூஸ் மேதைகளில் மடி வாட்டர்ஸ் டெலிகாஸ்டர் என்ற ஃபெண்டர் கிட்டாரில் வாசித்தார், பி.பி.கிங் ஹம்பக்கர் போட்ட கிப்சனில் வாசித்தார், ஸ்டீவி ரே வான் ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் சுருக்கி இப்படிச் சொல்வோம்) தடிமனான கம்பி போட்டு, சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசித்தார். இருக்கிற கிட்டாரை விற்றுவிட்டு வேறு வாங்க ஓடாதீர்கள்.

இரண்டாம் படி: முனகலை அடக்குங்கள்

எங்கள் வீடு சோமனூரில். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிப் பட்டறை. தறி ஓட ஆரம்பித்துவிட்டால், ஆம்பைப் போட்டதும் நான் கம்பியைத் தொடுவதற்கு முன்பே ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மோட்டார், பழைய ட்யூப் லைட்டின் சோக், ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அந்த வேகத்தில் காந்தப்புலத்தைக் கிளப்புகின்றன. சிங்கிள் காயில் அதையும் பிடித்துக்கொள்ளும். ஹம்பக்கரில் ஒரு காயிலின் காந்தமும் செப்புச் சுற்றும் மற்றதற்கு எதிர்ப்பக்கமாக இருப்பதால், வெளியிலிருந்து வருகிற முனகல் ஒன்றையொன்று அடித்துவிடும். கம்பியின் ஒலி மட்டும் கூடும்.

சிங்கிள் காயில்காரர்கள் இப்படிச் செய்யுங்கள். ஆம்பிலிருந்து நாலடி தள்ளிப் போங்கள். கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் முனகல் சட்டென்று குறையும். என் அறையில் ஜன்னலைப் பார்த்து நின்றால் குறைகிறது. அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஸ்ட்ராட்டில் இன்னொரு வழியும் உண்டு. நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் (இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் அப்படித்தான்) ஐந்து நிலை சுவிட்சின் 2, 4 நிலைகளில் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிப்பவை) முனகல் அடங்கிவிடும்.

எர்த் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாரியம்மன் நோம்பி மேடையில் வாசித்தேன். முனகல் கேட்கிறது என்று யாரோ ஆம்ப் பிளக்கின் எர்த் ஒயரைக் கழற்றி விட்டிருந்தார்கள். கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குகிற உலோகப் பகுதி) வழியாக ஆம்பின் எர்த்தோடுதான் இணைந்திருக்கும். இடது கை கம்பியில் இருக்க, பாட வாயைக் கொண்டுபோனேன். உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்று இழுத்தது. கீழே விழாமல் தப்பித்தேன். இன்றைக்கும் பிளக் பாயிண்டை டெஸ்டரால் பார்த்து, எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கேட்காமல் நான் எந்த மேடையிலும் சொருகுவதில்லை. முனகலைக் குறைக்க எர்த்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆம்ப் என்றால், பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் 230-இல் நேராகச் சொருகினால் போச்சு. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

மூன்றாம் படி: ஆம்பை வரப்பில் நிறுத்துவது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த ஒரு படி சரியாக வந்தால் மீதியெல்லாம் தானாக வரும்.

ரிவெர்பை (ஒலியோடு எதிரொலி சேர்ப்பது) முழுக்க அணைத்துவிடுங்கள். பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற சின்னப் பெட்டி) எதுவும் வேண்டாம். கிட்டாரில் வால்யூம், டோன் இரண்டும் 10. சுவிட்சை நெக், அதாவது கிட்டாரின் கழுத்துப் பக்க பிக்கப்புக்குத் தள்ளுங்கள். ஆம்பில் கெயினும் (ஒலி எவ்வளவு உடைய வேண்டும் என்பது) மாஸ்டரும் (மொத்தச் சத்தம்) தனித்தனியாக இருந்தால் மாஸ்டரை வீட்டுக்கு ஏற்ற அளவில் வைத்துவிட்டு, கெயினை 1-இல் ஆரம்பியுங்கள்.

நான்காவது கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டை அழுத்தி, பிக்கால் மெதுவாக ஒரு தட்டு. அப்புறம் நல்ல அழுத்தமாக ஒரு தட்டு. இரண்டுமே சுத்தமாக இருந்தால் கெயினை அரைப் புள்ளி ஏற்றுங்கள். மறுபடி மெதுவாக, அழுத்தமாக. இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் ஓரிடத்தில், அழுத்தித் தட்டும்போது மட்டும் ஸ்வரத்தின் முகப்பில் ஒரு கரகரப்பு ஒட்டும். மெதுவாகத் தட்டினால் இருக்காது. தொண்டை கட்டின ஆள் அமைதியாகப் பேசினால் குரல் சரியாக இருக்கும், சத்தம் போட்டால்தான் பிசிறு தெரியும் இல்லையா, அது போல. அதுதான் வரப்பு. அதற்கு மேல் அரைப் புள்ளி மட்டும் ஏற்றி நிறுத்துங்கள்.

கண்ணாடி வால்வு (ட்யூப்) போட்ட ஆம்பில் இது ஏன் இவ்வளவு இனிமையாக வருகிறது என்றால், தன்னால் கொடுக்க முடிந்ததை விட அதிகம் கேட்கும்போது வால்வு ஒலியலையின் உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்குகிறது. சாதாரண ட்ரான்சிஸ்டர் சர்க்யூட் கத்தியால் வெட்டினாற்போல வெட்டும். அதற்காக ட்ரான்சிஸ்டர் ஆம்பை ஒதுக்க வேண்டாம். பி.பி.கிங்கே பல வருடம் லேப் சீரிஸ் எல்5 என்ற ட்ரான்சிஸ்டர் ஆம்பில்தான் வாசித்தார். அதில் ஒலியைச் சுத்தமாக வைத்து, உணர்ச்சியை விரலில் காட்டினார்.

இனி டோன் நாப்கள். எல்லாவற்றையும் 5-இல் வைத்தால் நடுநிலை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஃபெண்டர் வழி வந்த ஆம்ப்களின் டோன் சர்க்யூட் இயல்பிலேயே நடு ஒலியைக் குறைத்துக் கொடுக்கும். ப்ளூஸின் பேச்சு முழுக்க அந்த நடுவில்தான் இருக்கிறது. அதனால் பேஸ் (கனத்த ஒலி) 3 அல்லது 4, மிடில் (நடு ஒலி) 6 அல்லது 7 என்று ஆரம்பியுங்கள். ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரி மிடில் நாப்பே இல்லாத ஆம்ப் என்றால் பேஸையும் ட்ரெபிளையும் (கூர்மையான ஒலி) இறக்குங்கள். நடு தானாக முன்னுக்கு வரும். ட்ரெபிளை மட்டும் சுவிட்சை பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு வையுங்கள். பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்தாத அளவுக்கு இறக்கிவிட்டால், நெக் ஒருபோதும் குத்தாது. கடைசியாக ரிவெர்ப் 2 அல்லது 3.

ஆம்ப் தரையில் இருந்தால் நீங்கள் கேட்பது உங்கள் கணுக்கால் கேட்கிற ஒலியைத்தான். ட்ரெபிள் ஸ்பீக்கரிலிருந்து நேர்க்கோட்டில் போகும். ஒரு ஸ்டூல் மேல் வைத்துக் காதுக்கு நேராகச் சாய்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். நிச்சயம் ட்ரெபிளை இறக்குவீர்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் கும்மென்று கூடும்.

நான்காம் படி: மீதி எல்லாம் கிட்டாரில்

இப்போது ஆம்பைத் தொடாமல் கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்குங்கள். கரகரப்பு போய், ஒலி பளிச்சென்று ஆகிவிடும். இது தாளத்துக்கு. 8-இல் லேசான பிசிறு. பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தும்போது பதில் சொல்ல. 10-இல் சோலோ. எண்கள் கிட்டாருக்குக் கிட்டார் மாறும், காதை நம்புங்கள்.

வால்யூமை இறக்கினால் ட்ரெபிளும் மங்குகிறதே என்பீர்கள். நாப்பின் மின்தடையும் கேபிளின் கொள்திறனும் சேர்ந்து செய்கிற வேலை அது. கேபிள் நீளம் கூடக் கூட மங்கலும் கூடும். வீட்டில் மூன்று மீட்டர் போதும்.

பிக்கப் சுவிட்ச் அடுத்தது. நெக் பிக்கப்பில் மெதுவான சோலோ, தேன் மாதிரி. ஸ்ட்ராட்டின் 2, 4 நிலைகளில் தாளம். ஒலி உள்ளே குழிந்து, பாடகருக்கு இடம் விடும். முதலில் வந்த ஸ்ட்ராட்களில் சுவிட்சுக்கு மூன்றே நிலைகள்தான். வாசிக்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் சிக்க வைத்து இந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977-இல்தான் ஐந்து நிலை சுவிட்ச் கம்பெனியிலிருந்தே வந்தது. பிரிட்ஜ் பிக்கப்பில் டோனை 5-க்கு இறக்கினால் கூர்மை போய்க் கடி மட்டும் நிற்கும். பழைய முறை ஒயரிங் உள்ள ஸ்ட்ராட்டில் பிரிட்ஜுக்கு டோன் நாப் கிடையாது. திருகிப் பார்த்து மாற்றம் இல்லையென்றால் காரணம் அதுதான்.

பயிற்சிக்கு ஏ சுருதியில் பன்னிரண்டு பார் (நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார்) எடுங்கள். நான்கு பார் ஏ7 கார்டு, இரண்டு டி7, இரண்டு ஏ7, ஒன்று ஈ7, ஒன்று டி7, கடைசி இரண்டு ஏ7. முதல் சுற்று வால்யூம் 6-இல் தாளம் மட்டும். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு இரண்டாவது பாரிலும் சுண்டுவிரலால் நாப்பை ஏற்றி, ஒரு சின்னப் பதில் வாசித்துவிட்டு இறக்குங்கள். முதல் வாரம் விரல் தடுமாறும், பரவாயில்லை.

அந்தப் பதில் எப்படி இருக்க வேண்டும்? எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணன்மார் கதை பாடுகிற ராத்திரிகளில் உடுக்கை அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்த அழுத்த, அடி ஒன்றுதான், ஒலி மட்டும் விம்மி மேலே ஏறும். முதல்முறை பி.பி.கிங் கம்பியை வளைத்து ஒரு ஸ்வரத்தை அழ வைத்ததைக் கேட்டபோது எனக்கு அந்த உடுக்கைதான் ஞாபகம் வந்தது. கம்பியை வளைக்கும்போது அந்த விம்மலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பிக்கப் உயரம்

செலவே இல்லாத மாற்றம் இது. கடைசி ஃப்ரெட்டில் முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் காந்தத்துக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்புக்குத் தடிக் கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மி.மீ. சுமாரான தொடக்கம். ரொம்பக் கிட்டே போனால் காந்தம் கம்பியையே இழுக்கும். தடிக் கம்பியில் சுருதி அலையும், ஸ்வரம் சீக்கிரம் செத்துப்போகும். ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி வாசித்துப் பாருங்கள், அப்புறம் இன்னொரு கால் சுற்று. நெக் பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்த்தினால் அதன் கனம் குறைந்து, பிரிட்ஜோடு அளவு ஒத்துவரும்.

வீட்டில் சத்தம் போட முடியாதவர்களுக்கு

வாட்டைப் பாதியாக்கினால் சத்தமும் பாதியாகும் என்று நினைக்காதீர்கள். 30 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல், காதுக்குக் கொஞ்சம்தான். 15 வாட் வால்வு ஆம்பே வரப்புக்கு வரும்போது பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். அங்கேதான் ஒலியை உடைத்துக் கொடுக்கிற ஓவர்டிரைவ் பெடல் உதவுகிறது. ஆம்பைச் சுத்தமாக வைத்து, ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலில் டிரைவைக் குறைவாக, லெவலை அதிகமாக வையுங்கள். அது பேஸைக் குறைத்து நடு ஒலியைத் தூக்கும். வரப்பைத் தேடுகிற முறை அதேதான், கெயின் நாப்புக்குப் பதில் டிரைவ் நாப். மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்து காட்டுவது), கைபேசிச் செயலி வைத்திருப்பவர்களுக்கும் இதே வழி.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இரண்டை மறக்க வேண்டாம். ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் உயிரை வாங்குகிற வோல்டேஜ் தங்கியிருக்கும், நீங்களாகத் திறக்காதீர்கள்.

மண்டபத்தில் வாசிக்கப் போனால், ஆம்புக்கு முன்னால் வைக்கிற மைக்கை ஸ்பீக்கரின் நட்ட நடுவில் வைக்க விடாதீர்கள், ஒலி கூர்மையாகிவிடும். நடுவிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சவுண்ட் செக்கில் மைக்செட் அண்ணனிடம் கிட்டாரை 6-இல் வைத்து ஒரு தடவை, 10-இல் வைத்து ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் 6-ஐக் கேட்டு லெவல் வைத்திருப்பார். நீங்கள் சோலோவுக்கு ஏறுகிற நேரத்தில் மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைக் கீழே இழுத்துவிடுவார்.