மங்குக்குப் பெரணிச் சாறு காப்ஸ்யூல்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் என்னிடம் தோல் மருத்துவப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களின் மருந்துச் சீட்டுகளில், தொடக்க காலத்தில் நான் எழுதிய அதே வரியைப் பார்க்கிறேன்: பாலிப்போடியம் லூக்கோடோமோஸ், 240 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. இதுதான் மங்குக்கு எழுதும் பெரணிச் சாறு காப்ஸ்யூல். அளவில் பிழையில்லை, அந்த வரிக்குக் கீழே வேறெதுவும் இல்லாததுதான் பிழை.

சன்ஸ்கிரீனுக்குப் பதில் மாத்திரை என்று எண்ணவிடுவது

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் செல்லும் ஒரு பெண்ணுக்கு, இரு கன்னங்களிலும் படர்ந்திருந்த மங்கு எனும் கருந்திட்டுகளுக்காக இதை எழுதி, "வெயிலிலிருந்து காக்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கத்திரி வெயில் முடிந்து அவர் திரும்பி வந்தபோது மங்கு முன்னிலும் கருத்திருந்தது. "அதான் மாத்திரை போடுறேனே டாக்டர், பிசுபிசுன்னு கிரீம் வேற எதுக்கு?" என்றார். முதல் வாரத்திலேயே சன்ஸ்கிரீனை நிறுத்தியிருந்தார். அவரிடம் தவறில்லை, சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை.

மத்திய அமெரிக்கப் பெரணியான இதிலுள்ள ஃபெரூலிக், காஃபியிக் அமிலங்கள், வெயில் தோலுக்குள் உண்டாக்கும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்கின்றனவே தவிர, ஒளி உள்ளே நுழைவதைத் தடுப்பதில்லை. 2018 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சன்ஸ்கிரீனுக்கு ஈடான மாத்திரை எதுவும் இல்லை என்று அறிவித்து, அவ்வாறு விளம்பரம் செய்த நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு வெளியான, ஆசியத் தோலில் 40 பேரிடம் 12 வாரம் நடந்த மங்கு ஆய்வில் காப்ஸ்யூல் பலன் தந்தது உண்மை. ஆனால் அதில் அனைவரும் கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோனும் சன்ஸ்கிரீனும் பூசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் "சன்ஸ்கிரீன் மாத்திரை" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இப்போது சீட்டில் முதலில் சன்ஸ்கிரீனையும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூச வேண்டும் என்பதையும் தமிழில் எழுதிய பிறகே காப்ஸ்யூலை எழுதுகிறேன்.

நிறமில்லாத சன்ஸ்கிரீனோடு நின்றுவிடுவது

நம் மாநிறத் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்கச் செய்கிறது. ஜன்னல் கண்ணாடி அதைத் தடுக்காது. மங்கு உள்ளவர்களுக்கு அந்த ஒளியைத் தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலுள்ள சன்ஸ்கிரீனையே எழுதுங்கள்.

புகைப்பவருக்குப் பீட்டா கரோட்டின்

வெயிலிலிருந்து காக்கும் என்று எண்ணி இந்த மாத்திரையையும் சிலர் எழுதுவதுண்டு. புகைப்பவருக்குக் கூடவே கூடாது. 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அதை உட்கொண்ட புகைப்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியது.

கர்ப்பமா என்று கேட்காமல் எழுதுவது

மங்கு பலருக்குத் தொடங்குவதே கர்ப்பகாலத்தில்தான். முதலில் அதைக் கேளுங்கள்.