நீதிமன்றம் போகும் முன்பே கெட்டுப்போகும் மின்னணு ஆதாரங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் தன் கைப்பேசியோடு வந்தார். வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுத்தடிக்கும் ஒருவர்மேல் வழக்குப் போட வேண்டும். "எல்லா ஆதாரமும் என்கிட்ட இருக்கு" என்று சொல்லி, நாற்பது ஸ்கிரீன்ஷாட்களைக் காட்டினார். பேசிய தொகை, முடித்துக் கொடுத்த தேதி, "வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன்" என்ற வாக்குறுதி, எல்லாம் இருந்தன. அந்த உரையாடல் நடந்த கைப்பேசி எங்கே என்று கேட்டேன். புதியது வாங்கியபோது பழையதை முழுக்க அழித்துவிட்டு மாற்றிக்கொண்டாராம். பேக்கப் எடுக்கவில்லை. படங்களின் மேலே எதிராளியின் பெயர் மட்டும் இருந்தது, எண் இல்லை.

பெயர் என்பது நாம் சேமித்து வைப்பதுதானே? யாருடைய எண்ணையும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். அந்தப் பெண் சொன்னது உண்மை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உண்மையைத் தாங்கி நின்ற பொருள் கைவிட்டுப் போயிருந்தது.

வழக்கறிஞர்களுக்காக மின்னணு ஆவணங்களைத் தயார் செய்து தருவது என் வேலை. இதில் என்னை மிகவும் வருத்துவது, நியாயம் பக்கத்தில் இருந்தும் ஆவணத்தை வைத்திருந்த விதத்தால் தடுமாறுகிறவர்கள்தான். நீதிமன்றத்தில் கேள்வி எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: "இது அன்றைக்கு இருந்த அதே கோப்புதான், நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இதற்கான பதிலை வழக்குப் போடும்போது உட்கார்ந்து தயாரிக்க முடியாது. ஆவணம் கைக்கு வந்த அன்றே தயாராகியிருக்க வேண்டும்.

படத்தை ஆவணம் என்று நினைப்பது

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது உங்கள் கைப்பேசி புதிதாக ஒரு படத்தை உருவாக்குகிறது. அந்தச் செய்தி எந்த எண்ணிலிருந்து வந்தது, எந்த நொடியில் வந்தது, முன்னும் பின்னும் என்ன பேசப்பட்டது என்ற விவரங்கள் அந்தப் படத்துக்குள் வருவதில்லை. திரையில் தெரிந்தது மட்டும்தான் வரும். அதையும் எந்தப் படத்திருத்த மென்பொருளிலும் மாற்றிவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எதிராளி செய்தியை அழித்துவிடுவார் என்ற பயம் இருந்தால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் தவறு.

வாட்ஸ்அப் உரையாடலாக இருந்தால் அந்தக் கைப்பேசியையே பத்திரப்படுத்துங்கள். உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் அதில் கிடைப்பது சாதாரண எழுத்துக் கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். அங்கேயும் நீங்கள் சேமித்த பெயர்தான் வரும். அதனால் அந்தத் தொடர்பின் எண் தெரியும் பக்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். மறையும் செய்திகள் என்ற அமைப்பு இயங்குகிறதா என்று உடனே பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அதில் கெடு இருக்கிறது. நாம் யோசித்து முடிப்பதற்குள் கெடு முடிந்துவிடும்.

இன்னொன்று, புகைப்படம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். எப்போது, எந்தக் கருவியில், எந்த இடத்தில் எடுத்தது என்ற மெட்டாடேட்டாவும் உதிர்ந்துவிடும். வக்கீலுக்கு அனுப்பும்போது அதை 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

மின்னஞ்சலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. அச்செடுத்துக் கோப்பில் வைப்பார்கள், இல்லையென்றால் வக்கீலுக்கு ஃபார்வர்டு செய்வார்கள். ஒருமுறை, உங்களுக்கு வந்த ஏதாவது ஒரு மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான சேவைகளில் 'ஷோ ஒரிஜினல்' போன்ற பெயரில் அந்த வசதி இருக்கும். கடிதத்துக்கு மேலே பல வரிகள் அடுக்கடுக்காக நிற்கும். 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால், கடிதம் எந்தச் சர்வரில் கிளம்பி எந்தெந்தச் சர்வர் வழியாக, எத்தனை மணிக்கு உங்களிடம் வந்தது என்று தெரியும். நடுவில் டீக்கிம் என்ற கையொப்பம் இருக்கும். அனுப்பிய நிறுவனத்தின் சர்வரே போட்ட முத்திரை அது. ஃபார்வர்டு செய்தால் அது உங்கள் முகவரியிலிருந்து கிளம்பும் புதிய கடிதம், பழைய கடிதத்தின் வழித்தடம் அதில் இருக்காது. அச்செடுத்த தாளிலும் இவை எதுவும் இல்லை. அதனால் மின்னஞ்சலை, இந்த வரிகளோடு அப்படியே சேமிக்கும் இஎம்எல் கோப்பாகத் தரவிறக்கி வையுங்கள். டீக்கிம் முத்திரையைச் சரிபார்க்க அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் திறவுகோல் தேவை. அந்தத் திறவுகோலை அவர்கள் மாற்றிவிட்டால் பிறகு சரிபார்ப்பது கடினம். சரிபார்ப்பை அன்றே முடித்து, முடிவைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

மூலத்தின் மேலேயே வேலை செய்வது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், ஒரு கணக்கு விரிதாளை என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். தானாகச் சேமிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. மூடும்போது 'கடைசியாக மாற்றிய நாள்' அன்றைய தேதியாகிவிட்டது. மாற்றியவர் இடத்தில் என் பெயர். ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை. ஆனாலும் அதை விளக்கித் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் நகல், அப்புறம்தான் பார்வை. மூலத்தை எழுத முடியாதபடி பூட்டி ஒதுக்கிவிடுவேன்.

நகலெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பை வேறு டிரைவுக்கு நகலெடுத்தால், நகலின் 'உருவாக்கிய நாள்' நகலெடுத்த நாளாக மாறும், 'மாற்றிய நாள்' பழையதாகவே நிற்கும். அதாவது, பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு போலத் தோன்றும். இது கணினியின் இயல்பு, மோசடி ஒன்றும் இல்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் திடீரென்று கேட்டால் சாட்சி திணறிப்போவார். எப்போது, எந்தக் கருவியிலிருந்து, எதற்கு நகலெடுத்தோம் என்று அன்றே இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு உயிரே இருக்காது.

ஹாஷ் எடுத்துவிட்டோம் என்ற நிம்மதி

ஹாஷ் மதிப்பை ஒரு கோப்பின் கைரேகை என்று சொல்லலாம். எஸ்எச்ஏ-256 முறையில் எடுத்தால், ஒரு பக்கக் கடிதமோ ஒரு மணி நேர வீடியோவோ, எதுவானாலும் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு வரி கிடைக்கும். கடிதத்தில் ஒரு காற்புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள். அந்த வரியே அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். மூன்று வருடம் கழித்து எடுத்தும் அதே வரி வந்தால், கோப்பில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இவ்வளவு வலுவான கருவி இலவசமாகவே, கணினியோடு சேர்ந்தே வருகிறது. அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

கோப்பையும் அதன் ஹாஷையும் ஒரே பென்டிரைவில் வைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கோப்பை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாஷை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஹாஷ் உங்கள் கைக்கு வெளியே போக வேண்டும். தாளில் எழுதி இரண்டு பேர் தேதியோடு கையொப்பமிடலாம், அன்றே வக்கீலுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். எல்லாவற்றிலும் நல்லது, நம்பகமான ஓர் அமைப்பிடம் நேரமுத்திரை வாங்குவது. ஆர்எஃப்சி 3161 என்ற தரம் இதற்காகவே 2001-லிருந்து இருக்கிறது. ஹாஷை மட்டும் அனுப்பினால் போதும், ஆவணத்தின் உள்ளடக்கம் அவர்களுக்குத் தெரியாது. "இந்த ஹாஷ் இந்த நேரத்தில் எங்களிடம் வந்தது" என்று அவர்கள் கையொப்பமிட்டுத் தருவார்கள்.

பழைய ஹாஷ் முறைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. எம்டி5 முறையில் வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே ஹாஷ் வரவைக்க முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஒரே எஸ்எச்ஏ-1 ஹாஷ் கொண்ட இரண்டு வேறுபட்ட பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. இன்றைக்கு எஸ்எச்ஏ-256-க்குக் கீழே இறங்க எந்தக் காரணமும் இல்லை.

ஹாஷ் பட்டியல் தயாரித்ததும் ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். பெயர் வேறு வேறாக இருந்தும் பல கோப்புகளுக்கு ஒரே வரி, அதுவும் 'ஈ 3 பி 0 சி 4 4 2' என்று தொடங்கினால், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அது ஒன்றுமே இல்லாத, பூஜ்ய அளவுள்ள கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷ். பெரும்பாலும் நகலெடுப்பது பாதியில் நின்று, வெறும் பெயர்கள் மட்டும் வந்திருக்கும். மூலக் கருவி கையில் இருக்கும்போதே இதைக் கண்டுபிடித்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

ஹாஷால் சொல்ல முடியாததும் இருக்கிறது. அதை எடுத்த நேரத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றி அதற்குத் தெரியாது. ஆறு மாதம் மேசையில் கிடந்த கோப்புக்கு இன்று ஹாஷ் எடுத்தால், இன்றிலிருந்துதான் காவல். அந்த ஆறு மாதத்துக்கு உங்கள் வாய்ச்சொல்தான் சாட்சி. பிளாக்செயின் என்ற, பலரிடம் பிரதி இருக்கும் மின்னணுப் பதிவேட்டில் ஏற்றினாலும் இதே கதைதான். கோப்பு அந்த நாளில் இருந்தது என்பதை அது காட்டும், உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதைக் காட்டாது.

கையொப்பமிட்ட பிடிஎஃப்பை அச்செடுத்து ஸ்கேன் செய்வது

டிஜிட்டல் கையொப்பம் கோப்புக்குள் கணிதமாக இருக்கிறது. பக்கத்தில் தெரியும் பச்சை டிக் வெறும் தோற்றம். தாளில் அச்செடுத்தால் தோற்றம் மட்டும் வரும், கையொப்பம் வராது. அந்தத் தாளை ஸ்கேன் செய்து மறுபடி பிடிஎஃப் ஆக்கினால் கையில் இருப்பது ஒரு படம். 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்தாலும், இணையத்தில் அளவைச் சுருக்கினாலும், இரண்டு கோப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினாலும் கையொப்பம் போய்விடும். வந்த கோப்பை வந்தபடியே வையுங்கள்.

கையொப்பச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். ஒப்பந்தம் பத்து வருடம் ஓடும், சான்றிதழ் சில வருடங்களில் முடிந்துவிடும். கையொப்பமிட்டபோது அது செல்லுபடியானது என்று பிறகு காட்ட, கையொப்பத்தோடு நேரமுத்திரையும் சான்றிதழ் சரிபார்ப்பு விவரங்களும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். கையொப்பமிடும் மென்பொருளில் நீண்டகாலச் சரிபார்ப்புக்கான அமைப்பு இருக்கும், அதை முதலிலேயே இயக்கிவிடுங்கள்.

சான்றிதழைக் கடைசி நாளில் தேடுவது

மின்னணு ஆவணத்தோடு நீதிமன்றத்தில் எந்தச் சான்று தர வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சாட்சிய விதி 902(14), 2017 டிசம்பர் 1 முதல், ஹாஷ் போன்ற முறையில் சரிபார்த்த நகலைத் தகுதியுள்ளவரின் சான்றோடு ஏற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணு அடையாளம், கையொப்பம் போன்றவற்றுக்கான 2014-ன் ஐடாஸ் ஒழுங்குமுறைப்படி, தகுதி பெற்ற நேரமுத்திரை இருந்தால் அதன் தேதியும் நேரமும் சரி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பலரைப் படுத்தியது. சான்றிதழ் இல்லாமல் மின்னணு நகலை ஏற்க முடியாது என்று 2014-ல் அன்வர் – பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. கூடவே, மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்றும் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல், பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அதற்கான சான்றிதழ் படிவத்தில் இரண்டு பகுதிகள். முதலாவதை ஆவணத்தைத் தருபவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர். கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண், கைப்பேசியானால் அதன் தனி அடையாளமான ஐஎம்இஐ எண், ஹாஷ் மதிப்பு, எந்த முறையில் எடுத்தது என்பதெல்லாம் அதில் கேட்கப்படுகிறது. படிவத்தில் எம்டி5, எஸ்எச்ஏ-1 என்ற கட்டங்களும் இருக்கின்றன. இருந்தாலும் எஸ்எச்ஏ-256-ஐயே நிரப்புங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கருவியைத் தொட்டே பார்க்காத ஒருவர் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருக்கிறார் என்பதற்காக அவரிடம் கையொப்பம் வாங்குவது. கூண்டில் ஏறி மூன்றாவது கேள்வியிலேயே அவர் "எனக்குத் தெரியாது" என்பார். அந்தக் கணினியையோ கைப்பேசியையோ தன் பொறுப்பில் வைத்திருந்தவர்தான் கையொப்பமிட வேண்டும். கருவியை விற்றுவிட்ட பிறகு ஐஎம்இஐ எண்ணுக்கு எங்கே போவது? பெட்டியையாவது தூக்கிப் போடாதீர்கள்.

கேமராப் பதிவும் பாதுகாப்பும்

கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி, வட்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதும். சம்பவம் நடந்த அன்றே எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். திரையில் ஓடுவதைக் கைப்பேசியில் படம்பிடிக்காமல், பெட்டியிலிருந்தே அதன் சொந்த வடிவத்தில், ஓடவைக்கும் மென்பொருளோடு சேர்த்து எடுங்கள். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேமித்து வைப்பதில், ஒரே பென்டிரைவை நம்புவதுதான் பெரிய ஆபத்து. மின்சாரம் காணாமல் வருடக்கணக்கில் பீரோவில் கிடக்கும் பென்டிரைவ் தரவை இழக்கக்கூடும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹாஷ் எடுத்துப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். நீண்ட காலத்துக்கு, ஆவணக் காப்புக்கென்றே உள்ள பிடிஎஃப்/ஏ வடிவம் நல்லது, ஆனால் மாற்றியதும் அது புதிய கோப்பு, புதிய ஹாஷ். மூலத்தை அழிக்கவே கூடாது.

முதலில் சொன்ன பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். பில்லை மின்னஞ்சலில் அனுப்பியதும், "கிடைத்தது, வெள்ளிக்கிழமை முடித்துவிடுகிறேன்" என்று எதிராளி பதில் போட்டதும் பேச்சுவாக்கில் வெளியே வந்தது. அந்தப் பதில் இன்பாக்ஸில் அப்படியே இருந்தது. அன்று மாலையே அதை இஎம்எல் கோப்பாக இறக்கி, ஹாஷ் எடுத்து, தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். தேதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் அந்தப் பெண்ணே எழுதினார்: மாலை 6.40.