கேப் டவுனும் திராட்சைத் தோட்டமும்: திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் சில நாள், அப்படியே பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் தங்கி ஓய்வு என்று கிளம்புகிறவர்களின் பயணத் திட்டங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. விசா, மாத்திரை, ஸ்வெட்டர் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. தொடக்கத்தில் நான் போட்ட திட்டங்களில் இருந்த அதே கோளாறுகளைப் புதிதாகப் போகிறவர்களின் திட்டங்களிலும் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒயின் ஊருக்கு ஒரே ஒரு இரவு

நகரத்தில் ஐந்து இரவு, பிரான்ஸ்ஹூக் போன்ற ஒயின் ஊரில் ஒரு இரவு. என்னிடம் வரும் திட்டங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். தூரம் குறைவு என்பதால் வரும் தைரியம். ஸ்டெல்லன்போஷ் 50 கிலோமீட்டர், பிரான்ஸ்ஹூக் 80 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்தானே என்கிறார்கள்.

சரி, நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்து ஹோட்டலைக் காலை 10, 11 மணிக்குக் காலி செய்கிறீர்கள். அங்கே அறை கிடைப்பது பெரும்பாலும் 2, 3 மணிக்கு. பெட்டியை வைத்து, முகம் கழுவி வெளியே வந்தால் மணி 4. ஒயின் ருசி பார்க்கும் கூடங்கள் பலவும் 5 மணிவாக்கில் மூடிவிடும். தோட்டங்களின் உலகம் பகலோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை உணவு முடிந்தால் மறுபடி அறையைக் காலி செய்யும் நேரம் வந்துவிடும்.

திருமண நாளுக்காகப் போன ஒரு தம்பதி. அவர்கள் எடுத்த பண்ணை வீட்டின் ஒரு இரவு வாடகையில் நகரத்தில் மூன்று இரவு தங்கியிருக்கலாம். இரண்டு இரவாக்குங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். அங்கிருந்த பெண் மூன்று வகையை அவசரமாக ஊற்றிக் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டார். மறுநாள் காலை வராந்தாவில் காபி, எதிரே வரிசை வரிசையாகக் கொடிகள், பின்னால் மலை. 9 மணிக்கு டாக்சி வந்து நின்றுவிட்டது. இத்தனைக்கும் நகரத்தின் கடைசி நாளை அவர்கள் துறைமுகக் கடைகளைச் சுற்றியே கழித்திருக்கிறார்கள். அந்த ஒரு நாளை இந்தப் பக்கம் தள்ளியிருந்தால் போதுமே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது.

குறைந்தது இரண்டு இரவு வையுங்கள், மூன்று என்றால் நிம்மதி. பெட்டி கட்ட வேண்டியிராத ஒரு முழு நாள் நடுவில் இருக்க வேண்டும். பிரான்ஸ்ஹூக்கின் ஒயின் டிராமும் அப்போதுதான் சரிப்படும். டிராமிலும் அதோடு சேர்ந்த பேருந்திலும் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கலாம். ஆனால் முன்பதிவு செய்து காலையிலேயே கிளம்ப வேண்டும்.

ஒரு இரவுக்கு மேல் ஒதுக்க முடியாதா? அப்படியானால் அங்கே அறையே எடுக்காதீர்கள். கேப் டவுனுக்குள்ளேயே கான்ஸ்டான்சியா இருக்கிறது. அங்குள்ள குரூட் கான்ஸ்டான்சியா 1685-இல் தொடங்கிய பண்ணை, நாட்டிலேயே பழமையானது. அரை நாளில் போய்விட்டு வந்துவிடலாம்.

டேபிள் மவுண்டனைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

கோடையில் அங்கே தென்கிழக்குக் காற்று வீசும். நகரத்தின் புகையையும் அழுக்கையும் துடைத்துக்கொண்டு போவதால் உள்ளூரில் அதற்குக் கேப் டாக்டர் என்றே பெயர். அது பலமாக அடித்தால் மலை உச்சிக்குப் போகும் கேபிள் கார் ஓடாது, சில சமயம் நாள்கணக்கில். கடல் மோசமானால், மண்டேலா சிறை வைக்கப்பட்டிருந்த ராபன் தீவுக்குப் படகும் போகாது. அதனால் நகரத்தை முதலில் வைத்துக்கொண்டு, வானம் தெளிந்த முதல் நாளே மலைக்குப் போய்விடுங்கள். ஒயின் ஊரைப் பின்னால் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. விமான நிலையம் நகரத்துக்கும் தோட்டங்களுக்கும் நடுவில் இருக்கிறது. நெரிசல் இல்லையென்றால் ஸ்டெல்லன்போஷிலிருந்து சுமார் அரை மணி நேரம்.

ருசி பார்த்துவிட்டு நீங்களே ஓட்டுவது

வேண்டாம். சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 0.05 கிராம். ஓட்டுநரோடு வண்டி எடுங்கள்.

ஒரே நாளில் ஐந்து பண்ணை

மூன்றாவது பண்ணையிலேயே நாக்கு மரத்துவிடும். ஒன்றில் ருசி, இன்னொன்றில் மதியச் சாப்பாடு, அவ்வளவு போதும். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பினோட்டாஜ் என்ற திராட்சை ரகத்தை 1925-இல் ஸ்டெல்லன்போஷில்தான் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் உருவாக்கினார். பினோ நுவாரையும் சின்சோவையும் கலந்து பிறந்த ரகம். இரண்டு பண்ணைகளில் நிதானமாகக் குடித்துப் பாருங்கள், ஒரே ரகமா என்று சந்தேகமே வந்துவிடும். அவசரத்தில் குடித்தால் இந்த வித்தியாசம் எதுவும் பிடிபடாது.

ஜூலையில் கடற்கரைக் கனவு

அங்கே அது குளிர்காலம், மழைக்காலமும் அதுவே.

அறுவடைக் காலத்தில் கடைசி நேர முன்பதிவு

பிப்ரவரி, மார்ச்சில் பழம் பறிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த மாதங்களில் போவதானால் பண்ணை அறையை முதலில் உறுதி செய்துவிட்டு, அதன் தேதிக்கு ஏற்ப விமான டிக்கெட்டை எடுங்கள்.