படகுக்கு மரச்சட்டம் வளைக்கிறீர்களா? முதலில் நாரைப் பாருங்கள்

சின்னப் படகுக்கு வங்குக்கால் (படகின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டம்) வளைக்கும்போது சட்டம் முறிந்தால் எல்லோரும் மரத்தை ஆவியில் இளக்கும் ஆவிப்பெட்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் காரணம் மரத்தில்தான் இருக்கும். சூளையில் உலர்த்திய மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். எவ்வளவு ஆவி காட்டினாலும் அது சரியாக இளகாது. பச்சை மரம், இல்லையென்றால் காற்றில் உலர்ந்த மரம் எடுங்கள். ஓக், ஆஷ் இரண்டும் அருமையாக வளையும். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நார் சாய்ந்து விளிம்பில் முடிகிற இடத்தில்தான் சிம்பு கிளம்பும்.

அங்குலத் தடிமனுக்கு சுமார் 1 மணி நேரம் ஆவி. பெட்டிக்குள் நல்ல சூடு ஏறிய பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள். பெட்டியை இறுக அடைக்கவே கூடாது, அழுத்தம் ஏறி வெடிக்கும். ஆவி வெளியேற ஒரு துளை, தண்ணீர் வடிய லேசான சரிவு, அவ்வளவு போதும்.

சட்டத்தை வெளியே எடுத்தபின் வளைக்க அரை நிமிடம் கிடைத்தாலே பெரிது. அச்சும் கிளாம்ப்களும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும். தடித்த கையுறை கட்டாயம். இளகிய மரம் உட்பக்கம் நன்றாக அமுங்கிக்கொடுக்கும், வெளிப்பக்கம் இழுபட்டால் கிழிந்துவிடும். அதனால் கடுமையான வளைவுக்கு வெளிப்புறம் மெல்லிய எஃகுப் பட்டை வைத்து, இரு முனையிலும் கட்டை கொடுத்து வளையுங்கள். விட்டதும் கொஞ்சம் நிமிரும் என்பதால் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே வளைத்து, முழுக்க ஆறும்வரை அச்சிலேயே விடுங்கள்.