டிட்காட் நீராவி நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கரி எஞ்சின்களை இன்னும் ஓட்டிக் காட்டும் இடங்கள் நிறைய இருக்கின்றன. முதல் தடவை என்றால் டிட்காட் ரயில்வே சென்டருக்குப் போங்கள் என்பேன். லண்டன் பாடிங்டனில் வேக ரயில் பிடித்தால் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். டிட்காட் பார்க்வே ஸ்டேஷனில் இறங்கினால் அதன் சப்வேயிலேயே நுழைவாயில். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற அந்நாளைய ரயில் நிறுவனம் 1932-இல் கட்டிய அசல் லோகோ ஷெட் (எஞ்சின் கொட்டகை) இது. 1965-இல் இங்கே நீராவி ஓய்ந்தது. 1967-இல் பழைய எஞ்சின்களைக் காக்கும் கிரேட் வெஸ்டர்ன் சொசைட்டியின் தன்னார்வலர்கள் உள்ளே வந்தார்கள். இன்றுவரை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே சவாரி மிகச் சின்னது; ஏறி உட்கார்ந்து ஜன்னலை இறக்குவதற்குள் பாதை முடிந்துவிடும். ஷெட்டைப் பார்க்கத்தான் போக வேண்டும்.

1. தேதி

திறந்திருக்கும் நாளெல்லாம் எஞ்சின் ஓட்டிக் காட்டும் நீராவி நாள் இல்லை. மற்ற நாட்களில் எஞ்சின்கள் குளிர்ந்து நிற்கும், பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அவர்களுடைய இணையதள நாட்காட்டியில் நீராவி நாளா என்று பார்த்த பிறகே தேதியைக் குறியுங்கள். குறிப்பிட்ட ஓர் எஞ்சினை நம்பிப் போகாதீர்கள். வழக்கமாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கொதிகலனைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்பதால், எப்போதும் சில எஞ்சின்கள் உடம்பைக் கழற்றிப் போட்டுத்தான் இருக்கும்.

2. டிக்கெட்

ரயிலுக்கு ஒன்று, சென்டருக்கு ஒன்று. லண்டனுக்குள் கார்டைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கத்தில் பாடிங்டனில் ஏறிவிடாமல், டிட்காட் பார்க்வேக்கு முறையாக டிக்கெட் எடுங்கள். நெரிசல் நேரம் தவிர்த்த ரிட்டர்ன் எடுத்தால் பணம் மிச்சம். சப்வேயிலிருந்து மேலே வரப் படியேற வேண்டும். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

3. உடை

வெள்ளைச் சட்டை வேண்டாம். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கரித்தூள் கண்ணில் விழும். மூடிய ஷூ அவசியம், தரை முழுக்க ஜல்லியும் எண்ணெயும்தான். விசில் அடித்தால் சின்னப் பிள்ளைகள் அலறும். காதை மூட ஏதாவது கொண்டுபோங்கள்.

4. கதவு திறக்கும்போதே உள்ளே போங்கள்

இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு பெரிய எஞ்சினுக்கு நெருப்பு மூட்டி நீராவி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். நீங்கள் போகும்போது டிரைவர் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையோடு சக்கரங்களுக்கு இடையே குனிந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ஊற்றி, மூடி, பஞ்சுக் கழிவால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். வேலை செய்கிறவரைக் குறுக்கே நின்று மறிக்காமல், அவர் நிமிர்ந்ததும் கேளுங்கள்: "காலையில் எத்தனை மணிக்கு நெருப்பு போட்டீர்கள்?" இந்த ஒரு கேள்வி போதும், அரை மணி நேரப் பேச்சு நிச்சயம்.

கேபினுக்குள் ஏறிப் பார்க்க விடுவார்களா என்பது அன்றைய சூழலைப் பொறுத்தது, கேட்டால் தப்பில்லை. ஏறினால் அழுத்த மானியை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். பக்கத்தில் கொதிகலனின் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கும். கரி அள்ளிப் போட்டு நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனின் கண் அடிக்கடி அங்கே போகும். தண்ணீர் குறைந்து நெருப்புப் பெட்டியின் கூரை வெளியே தெரிந்தால் ஆபத்து. அதற்காகவே அந்தக் கூரையில் ஈயம் நிரப்பிய அடைப்பான் வைத்திருக்கிறார்கள். அது உருகினால் நீராவி நெருப்பின் மேலேயே சீறி எச்சரிக்கும்.

5. சுற்றி வரும் வழி

கரி மேடையில் தொடங்குங்கள். சரிவுப் பாதையில் வேகன்களை மேலே தள்ளி, கரியைச் சின்னத் தொட்டி வண்டிகளில் போட்டு, கீழே நிற்கும் எஞ்சினில் கவிழ்ப்பார்கள். மேலேயே தண்ணீர்த் தொட்டி. அடுத்து எஞ்சினை நிறுத்தித் திசை திருப்பும் திருப்புமேடை, பிறகு ஷெட்.

அங்கே 'பென்டெனிஸ் காசில்' என்ற எஞ்சின் எங்கே என்று விசாரியுங்கள். 1924-இல் ஸ்விண்டனில் பிறந்தது. 1977-இல் கப்பலேறி மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் இரும்புத் தாது நிறுவனத்திடம் போய், 2000-இல் திரும்பி வந்தது.

அகலப் பாதையை விட்டுவிடாதீர்கள். நம் ஊர் பிராட்கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். பொறியாளர் புரூனெல் கிரேட் வெஸ்டர்னுக்குப் போட்டது 2140. 1892-இல் கைவிட்டார்கள். அதன் மாதிரித் தடமும், அதில் ஓடுவதற்கென்றே செய்து 2005-இல் முடித்த 'ஃபயர் ஃப்ளை' எஞ்சினும் இங்கே உண்டு. பக்கத்தில் உள்ள சரக்கு மாற்றுக் கொட்டகையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒருபுறம் அகல வண்டி, மறுபுறம் குறுகல் வண்டி. நடுவில் ஆட்கள் மூட்டை தூக்கியிருக்கிறார்கள். இரண்டு அளவு வைத்திருப்பதன் செலவு அங்கே புரியும்.

6. சவாரி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறையும், அப்போது ஏறுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நீண்ட சவாரிதான் வேண்டும் என்றால் லண்டன் விக்டோரியாவிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் போய் புளூபெல் ரயில்வே என்ற நீராவி ரயிலைப் பிடியுங்கள். அது 11 மைல்.